பனி டயரோட கொழும்பு மழையில ஓடலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு ஆசிரியை நீளமா எழுதியிருக்கிறா. பேர், பள்ளிக்கூடம், கார் நம்பர் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு விசயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லுறன்.

சில மாசத்துக்கு முன்னம் ஒரு கார் சேலில லீசிங் போட்டு, ஜப்பானில ஓடி வந்த வேகன் ஆர் ஒண்டு வாங்கியிருக்கினம். பிள்ளையள் ரெண்டு பேரையும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுறது, மாமியை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறது எல்லாம் இவதான். டயர் நாலும் பார்க்கப் புதுசு மாதிரி இருக்குது, "எண்பது வீதம் ட்ரெட் (டயரில இருக்கிற வெட்டுப் பள்ளத்தின்ர ஆழம்) இருக்கு, ரெண்டு வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்ல" எண்டு கார் சேல்காரர் சொல்லியிருக்கிறார். பிறகு காத்து அடிக்கப் போன இடத்தில டயர் கடை பாஸ் பக்கத்தில இருந்த மலையும் பனிப்பூவும் அடையாளத்தைக் காட்டி, இது பனி டயர், குளிர் நாட்டில பனிக்குள்ள ஓடப் போடுற விண்டர் டயர், கழட்டுங்கோ எண்டிட்டார். கணவர், நல்ல டயரைக் கழட்டி எறியிறதோ எண்டு கேக்கிறார், வேணுமெண்டால் முன்னுக்கு மட்டும் ரெண்டு புதுசு போடுவம் எண்டும் சொல்லுறார். மொன்றியலில இருக்கிற அண்ணா, 7 டிகிரிக்குக் கீழ போனால் விண்டர் டயர் இல்லாம ஓடவே கூடாது, டிசம்பர் லீவில நுவரெலியா போகேக்க அதுதான் உங்களைக் காப்பாத்தும், கழட்டாதைங்கோ எண்டு வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டிருக்கிறார். இதுக்கிடையில பம்பலப்பிட்டியில மழைக்குள்ள பிரேக் அடிச்ச இடத்தில கார் நிக்கவேண்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சறுக்கிப் போய் நிண்டிருக்குது, அண்டையில இருந்து மழை வந்தாலே ஸ்டியரிங் பிடிக்கப் பயமா இருக்குதெண்டு எழுதியிருக்கிறா. கார் சேலிட்டக் காசு கேக்கலாமோ, ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் தருமோ, நுவரெலியாவுக்கு என்ன டயர் வேணும், இதுதான் அவவின்ர கேள்வியள்.

தங்கச்சி, முதல்ல முடிவைச் சொல்லிப்போட்டுக் காரணத்துக்கு வாறன். டயரைக் கழட்டுங்கோ, நாலையும் கழட்டுங்கோ, டிசம்பர் வரைக்கும் இருக்காம இந்த ஐப்பசி மழைக்குள்ளயே மாத்துங்கோ. கடை பாஸ் சொன்னது சரி. உங்கட அண்ணா சொன்னதும் பிழையில்ல, ஆனா அது அவர் இருக்கிற ஊருக்குச் சரி. கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம், மொன்றியலில சனவரி மாசம் சாதாரண டயரோட வெளிக்கிடுறது உயிரோட விளையாடுறதுதான். அவருக்கு அங்க இருக்கிற பயம் நியாயமான பயம், அதை அப்படியே எங்கட ஊருக்குக் கொண்டுவந்ததிலதான் பிசகிப்போச்சு.

ட்ரெட் நிறைய இருந்தும் ஏன் சறுக்கினது?

உங்கட வீட்டில எல்லாரும் டயரை ட்ரெட்டை வச்சுத்தான் அளக்கிறீங்கள். தேஞ்ச டயர் கூடாதெண்டு எல்லாருக்கும் தெரியும், அதனால தேயாத டயர் நல்லதெண்டு நினைக்கிறது இயற்கை. ஆனா டயரில ட்ரெட் ஒரு பாதி மட்டுந்தான், மற்றப் பாதி அந்த ரப்பர் எந்த வெப்பநிலைக்கெண்டு செய்யப்பட்டது எண்டது. சாதாரண டயர்ட ரப்பர் குளிரில இறுகிப்போகும், ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழ ரோட்டைப் பிடிக்கிற தன்மை குறையத் தொடங்கும், அதாலதான் அண்ணா சொல்லுற அந்தக் கணக்கு வந்தது. பனி டயர்ட ரப்பர் அந்தக் குளிரிலயும் இறுகாம மெத்தெண்டு இருக்கிற மாதிரிச் செய்யிறது. கொழும்பில விடியக்காலமை கூட 24, 25 டிகிரி, மத்தியானம் காலி வீதித் தார் 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். குளிருக்கெண்டு மெதுவாச் செய்த ரப்பர் இந்தச் சூட்டில அளவுக்கு மிஞ்சி மெதுவாகிப் போகுது.

இதோட இன்னொண்டு. உங்கட டயரைக் கிட்டப்போய்ப் பாருங்கோ, ஒவ்வொரு ரப்பர் கட்டையிலயும் பிளேடால கீறின மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில இருக்கும். பனியையும் ஐஸையும் கவ்விப் பிடிக்க அந்த விளிம்புகள் வேணும். சூடான தார் ரோட்டில நீங்கள் பிரேக்கை அமத்தேக்க, இப்பிடி வெட்டு வெட்டாக் கிடக்கிற மெது ரப்பர் கட்டைகள் முழுசா ரோட்டில பதியாம ஒரு பக்கமாச் சரியும், நிக்கிற தூரம் கூடும். கார் ஆடுற மாதிரி இருக்குது, ஸ்டியரிங் திருப்பினாப் பிறகு கொஞ்சம் பிந்தித்தான் கார் திரும்புது எண்டு எழுதியிருக்கிறீங்களே, பெரும்பாலும் அதுவும் இதாலதான்.

"மெது ரப்பர்தானே, மழைக்கு நல்லாப் பிடிக்கும்" எண்டு சில பேர் சொல்லுவினம், இது கொழும்பில பரவிக் கிடக்கிற ஒரு பிழையான நம்பிக்கை. ஜப்பானில முந்திப் பனிக்கு இரும்பு ஆணி பதிச்ச டயர் போட்டு ஓடினவை. அது தார் ரோட்டை அராவி, சென்டாய், சப்போரோ மாதிரி ஊர்களில தூசி கிளம்பிச் சனத்துக்குச் சுகாதாரப் பிரச்சினையாப் போய், 1990-ல சட்டம் கொண்டுவந்து ஆணி டயரைக் கட்டுப்படுத்தினவை. ஆணி இல்லாமலே ஐஸில நிக்கவேணும் எண்டு வந்ததுதான் உங்கட காரில கிடக்கிற ஸ்டட்லெஸ் வகை, 1988-ல வந்த பிரிஜ்ஸ்டோன் பிளிசாக் அதில பேர்போனது. அந்த டயர்ட ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துளைகள் வச்சிருக்கினம். ஐஸுக்கு மேல படலம் மாதிரி நிக்கிற மெல்லிய தண்ணியை அது உறிஞ்சி எடுத்திடும், பிறகு ரப்பர் ஐஸில பிடிக்கும். உண்மையிலயே கெட்டித்தனமான வேலை, நான் அதைக் குறை சொல்லமாட்டன். ஆனா அது மயிர் கனத் தண்ணிக்குச் செய்தது. எங்கட ஊரில ஒரு மணித்தியாலம் கொட்டினால் பம்பலப்பிட்டிச் சந்தியில கணுக்கால் தண்ணி நிக்குது, அந்தத் தண்ணியை டயர் பக்கத்தால வெளிய தள்ளவேணும், உறிஞ்சிக் காட்டேலாது. அதனால அண்டைக்குச் சறுக்கினது உங்கட ஓட்டத்தில பிழையெண்டு நினைச்சுப் பயப்பிடாதைங்கோ, டயரை மாத்திப்போட்டு ஓடிப் பாருங்கோ, வித்தியாசம் முதல் மழையிலயே விளங்கும்.

ஒண்டையும் கூட்டிச் சொல்லப்படாது, அதனால இதையும் சொல்லுறன். இந்த டயர் எங்கட வெயிலுக்கு உருகிப்போகும், ஹைவேயில கட்டாயம் வெடிக்கும் எண்டு கணவரின்ர சிநேகிதர் சொன்னது பிழை. பக்கத்தில 155/65 ஆர் 14 75 கியூ எண்டு இருக்குதெண்டு எழுதியிருக்கிறீங்கள். கியூ எண்டால் மணிக்கு 160 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும், எங்கட அதிவேக வீதியில உச்சமே 100 தான். 75 எண்டால் ஒரு டயர் 387 கிலோ சுமக்கும், உங்கட காருக்கு அது சரியான அளவு. டயர் வெடிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் காத்துக் குறைவு, அதிக பாரம், பழைய ரப்பர், இந்த மூண்டும்தான். ஆனா மெது ரப்பர் கெதியாத் தேயும், பெற்றோலும் கூடக் குடிக்கும், ஆகஸ்ட்டில நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9-ல ஆளும் பொதியுமா ஓடேக்க இன்னும் கெதியாத் தேயும். ரெண்டு வருசம் எண்டு கார் சேல்காரர் சொன்ன கணக்கு அதால நிக்காது.

முன்னுக்கு ரெண்டு மட்டும் மாத்துறது

இதில நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் சொல்லுவன். கணவர் காசு மிச்சம் பிடிக்கத்தான் சொல்லுறார், லீசிங் கட்டிக்கொண்டு இருக்கிற வீட்டில நாலு டயர் எண்டது சின்னச் செலவில்ல, எனக்கு விளங்குது. ஆனா இப்ப இருக்கிறதை விட அது ஆபத்து. முன்னுக்கு நல்லாப் பிடிக்கிற டயரும் பின்னுக்குச் சறுக்கிற டயரும் இருந்தால், மழையில ஒரு வளைவில பிரேக் அடிக்கேக்க முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் வெளியால வீசும், கார் சுத்தும். முன்பக்கம் சறுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கப் பார்க்கலாம், பின்பக்கம் வீசினால் பழகின ட்ரைவருக்கே கஷ்டம், நீங்கள் பிள்ளையளை வச்சுக்கொண்டு ஓடுறீங்கள். ஏபிஎஸ் இருக்குத்தானே எண்டு கேப்பார், ஏபிஎஸ் சில்லு பூட்டுப்படாமப் பார்க்கும், இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. நாலையும் ஒரே நாளில, ஒரே மாதிரியில மாத்துங்கோ. இப்ப காசு இல்லையெண்டால் மாத்துறவரைக்கும் மழை நேரத்தில காரை எடுக்காதைங்கோ, கிளினிக்குக்கு ஓட்டோவோ பிக்மியோ பிடியுங்கோ, எடுத்தே ஆகவேணுமெண்டால் மெதுவா ஓடி முன்னால போற வாகனத்துக்கு வழமையை விட ரெண்டு மடங்கு இடைவெளி விடுங்கோ.

வாங்கேக்க பஞ்சிகாவத்தைப் பக்கம் பாவிச்ச டயர் மலிவா எடுக்கலாம் எண்டு யாரும் கூட்டிக்கொண்டு போனால் போகவேண்டாம், அங்க கிடக்கிறதிலயும் இதே ஜப்பான் பனி டயர் கலந்து கிடக்கும். குளிருக்கும் வெயிலுக்கும் பொதுவாச் செய்த ஓல் சீசன் டயரும் உங்களுக்குத் தேவையில்ல. சாதாரண டயர், அதே சைஸ், 75 அல்லது அதுக்கு மேல, அவ்வளவுதான். பக்கத்தில நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 3225 எண்டால் 2025-ம் ஆண்டு 32-வது கிழமை செய்தது, நீங்களே குனிஞ்சு பார்த்து வாங்குங்கோ, கடைக்காரர் சொல்லுறதை மட்டும் கேக்காதைங்கோ. இப்ப கிடக்கிற டயரிலயும் அந்த இலக்கத்தைப் பாருங்கோ, ட்ரெட் எண்பது வீதம் இருந்தும் செய்து ஆறு ஏழு வருசம் போயிருக்கலாம்.

அந்த டயர் சொல்லுற இன்னொரு விசயம்

உங்கட கடிதத்தில இதைக் கேக்கேல்ல, ஆனா வாகனம் சோதிக்கிற ஆளா எனக்கு டயரை விட இதுதான் பெரிய யோசனை. பனி டயரோட வந்த கார் பெரும்பாலும் பனி கொட்டுற இடத்தில ஓடின கார், ஹொக்கைடோவா இருக்கலாம், தோஹொகு பக்கமா இருக்கலாம். அங்க பனிகாலத்தில ரோட்டில ஐஸ் பிடிக்காம இருக்க உப்புத் தூவுவினம், அந்த உப்புத் தண்ணி காருக்கு அடியில அடிச்சு அடிச்சுத் துருவை உண்டாக்கும். மேல பெயின்ட் கண்ணாடி மாதிரி மினுங்கும், கீழ பிரேக் பைப்பும் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடங்களும் அரிச்சிருக்கும். இனி அந்தக் காரை நீங்கள் வச்சிருக்கிறது வெள்ளவத்தையில, மரீன் ட்ரைவ் கடல்காத்து அடிக்கிற இடத்தில.

பயப்படுத்தச் சொல்லேல்ல, பனி டயர் போட்டு வந்த எல்லாக் காரும் துருப்பிடிச்ச கார் இல்ல. ஆனா ஒருக்கா ஒரு நல்ல கராஜில காரைத் தூக்குற ஹொயிஸ்ட்டில ஏத்தி, பகல் வெளிச்சத்தில அடிப்பக்கத்தைப் பாருங்கோ, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மேலால லேசா மண்ணிறம் படிஞ்சிருந்தால் கழுவித் துருவை எடுத்து மருந்தடிக்கலாம். பிரேக் பைப்பில பொருக்குப் பொருக்காத் துரு இருந்தால் அது உடன மாத்தவேண்டிய சாமான், டயருக்கு முதல் அந்தச் செலவைச் செய்யுங்கோ. புதுசாக் கறுப்பாப் பூசியிருந்தால் ஏன் பூசினவை எண்டு கேளுங்கோ, துருவைச் சுரண்டாம மேலால அண்டர்கோட் அடிச்சு மறைக்கிறதும் நடக்கிறதுதான்.

கார் சேலிட்ட ஒக்ஷன் சீட்டைக் கேளுங்கோ. ஜப்பானில ஏலத்தில வித்த காருக்கு அந்தத் தாள் இருக்கும், அதில கார்ட படம் போட்டு ஒவ்வொரு இடத்திலயும் குறி வச்சிருப்பினம், எஸ் எண்டால் துரு, சி எண்டால் அரிப்பு, பக்கத்தில இருக்கிற இலக்கம் கூடக் கூட மோசம். தரமாட்டன் எண்டு சொன்னால் அதையும் ஒரு பதிலா எடுத்துக்கொள்ளுங்கோ.

காசும் உரிமையும்

கார் சேலிட்டக் கேக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நான் வழக்கறிஞர் இல்ல, ஆனா இப்பிடியான பிணக்குகளுக்கு வாகன அறிக்கை எழுதிக் குடுக்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன். எங்கட பொருள் விற்பனைச் சட்டம் 1896-ல இருந்து இருக்குது, 2003-ம் ஆண்டு 9-ம் இலக்க நுகர்வோர் சட்டமும் இருக்குது, வித்த பொருள் அது பாவிக்கிற தேவைக்குப் பொருத்தமா இருக்கவேணும் எண்டது ரெண்டிலயும் வருது. உங்களுக்குப் பலவீனம் என்னெண்டால், டயரை நீங்கள் கண்ணால பார்த்துத்தான் வாங்கினீங்கள், "ரெண்டு வருசம் ஓடும்" எண்டது வாயால சொன்னது. நாலு டயருக்காக வழக்குக்குப் போனால் டயர்ட விலையை விடச் செலவு கூட. அதனால முதல்ல மரியாதையா ஒரு கடிதம் எழுதுங்கோ, டயர்ட அடையாளத்தைப் போட்டோ எடுத்து வச்சு, மாத்தித் தாங்கோ அல்லது பாதிக் காசையாவது தாங்கோ எண்டு கேளுங்கோ. பேரைக் காப்பாத்த விரும்புற கார் சேல்காரர் பேச வருவார். வரேல்லையெண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்குப் போன் எடுத்து, எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, ஆனா பிந்தாதைங்கோ. அடிப்பக்கத்தில பெரிய துரு இருந்து அதை மறைச்சு வித்திருந்தால் கதை வேற, அப்ப கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கோ, அது டயர்ப் பிரச்சினை இல்ல.

இன்சூரன்ஸைப் பற்றி. பனி டயர் போட்டதுக்காகவே கிளெயிம் தரமாட்டினம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா வாகனம் ரோட்டில ஓடக்கூடிய நல்ல நிலையில இருக்கவேணும் எண்டு பொலிசியில வழமையா ஒரு நிபந்தனை இருக்கும், அசெசர் வந்து டயரைத்தான் முதல்ல பார்ப்பார். உங்கட பொலிசியை எடுத்து அந்தப் பகுதியை வாசியுங்கோ, சந்தேகமெண்டால் கம்பனிக்கு ஈமெயிலில கேட்டுப் பதிலை எழுத்தில வாங்கி வையுங்கோ.

கழட்டின டயரை வேற ஒரு குடும்பத்துக்கு "நல்ல ட்ரெட்" எண்டு வித்துப்போடாதைங்கோ. உங்களுக்கு நடந்தது அவைக்கும் நடக்கும்.

நுவரெலியா

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில இருக்குது, வருசச் சராசரி 16 டிகிரி அளவு. சனவரி, பெப்ரவரி இரவுகளில நல்லாக் குறையும், சில விடியக்காலமை புல்லில உறைபனி வெள்ளையாப் படியும், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அண்ணாவும் பயந்திருப்பார். ஆனா ரோட்டில பனி கொட்டுறதில்ல, வெயில் வந்த கையோட புல்லில இருக்கிறதும் கரைஞ்சிடும், எட்டு ஒன்பது மணிக்கு வெளிக்கிடுற உங்களுக்குச் சாதாரண டயர் தாராளமாக் காணும்.

அங்க உண்மையான ஆபத்து இறக்கமும் மூடுபனியும்தான். ரம்பொடையில இருந்து புசல்லாவை, கம்பளை எண்டு இறங்கேக்க, இல்லாட்டி ஹட்டன் பக்கத்தால இறங்கேக்க, காலைப் பிரேக்கில வச்சுக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போகும். கியர் லீவரில டீ (D) எண்ட எழுத்துக்குப் பக்கத்தில எல் (L) அல்லது எஸ் (S) எண்டு ஒரு கியர் இருக்கும், இறக்கம் தொடங்க முதலே அதில போட்டு எஞ்சின் இழுத்துப் பிடிக்க விடுங்கோ, பிரேக்கை விட்டு விட்டு அமத்துங்கோ. பிரேக் மணம் வந்தால் ஓரமா நிப்பாட்டி ஆற விடுங்கோ, தண்ணி ஊத்தவேண்டாம். மூடுபனிக்குள்ள ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீமில மெதுவாப் போங்கோ. போறதுக்கு முன்னம் பிரேக் பாட், பிரேக் ஒயில் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்கோ. ஸ்பெயார் வீல் இருக்குதோ எண்டும் பாருங்கோ, ஜப்பானில இருந்து வாற இந்தக் கார்களில நிறையத்துக்கு அது இல்ல, பஞ்சர் மருந்துப் போத்தல்தான் குடுத்திருப்பினம், அதுக்கும் திகதி முடியும்.

கடைசியா, மாமியோட ஐஞ்சு பேரும் போறதா எழுதியிருக்கிறீங்கள். ஜப்பான் வேகன் ஆர் நாலு பேருக்குச் செய்த கார், பின்னுக்கு ரெண்டு பெல்ட்தான் இருக்குது, மூண்டாவது ஆள் பெல்ட் இல்லாமத்தான் இருக்கவேணும். சின்னப்பிள்ளை மடியில இருக்கும் எண்டு சொல்லாதைங்கோ, மலை இறக்கத்தில வேண்டவே வேண்டாம். அந்தப் பயணத்துக்கு மட்டும் ட்ரைவரோட ஒரு வான் ஹயர் பண்ணுறது எனக்குச் சரியாப் படுது, மிச்சக் காசில டயர் வேலையையும் ஹொயிஸ்ட் செக்கையும் முடியுங்கோ. ஒக்ஷன் சீட் கிடைச்சால் சேசி நம்பரை மறைச்சுப்போட்டு ஒரு படம் அனுப்புங்கோ, அதில என்ன குறி கிடக்குதெண்டு பார்த்துச் சொல்லுறன்.